ஜி போன போர்டு

திருப்பூர் நல்லூரில் விஜயராணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். விஜயராணிக்குத் தெரியாதவர்கள் இருப்பதுதான் கஷ்டம். அவள் இருக்கும் தெருவுக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. வம்பு பேசக் கேட்கிறாள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. திருப்பூரில் பாதிப் பேர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். அவளும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து கல்யாணமான கையோடு வந்து இறங்கியவள்தான். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் பெயர்கூட வேண்டாம். ‘மானாமதுரை’, ‘கம்பம்’, ‘பீகார்’ என்று ஊரையே பெயராக்கிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

அவள் செய்வது செக்கிங் காண்ட்ராக்ட். தைத்து முடித்த பனியன்கள் கம்பெனியிலிருந்து பண்டல் பண்டலாக வரும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொங்குகிற நூலை டிரிம்மரால் நறுக்க வேண்டும். டிரிம்மர் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கத்தரி. மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு என்பது நல்லூரில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அந்தச் சொல்லும் சேர்ந்து நடந்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கூலிக்குச் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக ஆள் சேர்த்து, மயில்சாமியின் வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்த தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்தாள். வாசலில் ஆங்கிலத்தில் ‘வி.ஆர். செக்கிங்’ என்று, கீழே தன் போன் நம்பரோடு, போர்டு எழுதி வைத்தாள். வி.ஆர். என்பது விஜயராணிதான். புருஷன் ஆரோக்கியராஜ் பெயரிலும் ஓர் எழுத்தைச் சேர்க்கலாமே என்று பெயிண்டர் கேட்டதற்கு, அவருக்கு வேண்டுமென்றால் அவர் தனியாக ஒரு போர்டு வைத்துக்கொள்ளட்டும் என்றாள். டையிங் என்கிற சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர, போர்டு எதுவும் வைக்கவில்லை.

போர்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாடித் தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் அதன் வலது ஓரத்தில் ஒழுகும். ஒழுகி ஒழுகி, செக்கிங்கின் கடைசி எழுத்தான ஜி அழிந்தே போயிற்று. குழாயைச் சரி பண்ணச் சொல்லி விஜயராணி பல தடவை கேட்டுவிட்டாள். மயில்சாமி ஒரு தடவையும் முடியாது என்று சொன்னதில்லை. “பாக்கறேனுங்க அம்மிணி” என்பார். அத்தோடு சரி.

இந்த ‘ங்க’தான் அவளுக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். அவள் ஊரில் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். பிரியம் வந்தாலும் அப்படித்தான். இங்கே வாழ்த்துவதும் ‘ங்க’, வாடகை ஏற்றுவதும் ‘ங்க’. மயில்சாமி தறி நெய்த குடும்பத்து ஆள். பின்னால் நிட்டிங் மெஷின் ஓட்டி, இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு முருகனே கதி என்று இருப்பவர். கிருத்திகைக்கு விரதம், செவ்வாய்க்கிழமை கோயில். அவருடைய மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவரும் அவளை நம்பினார் என்பதற்கு அவளிடம் ஒரே அத்தாட்சி இருந்தது. அது மாடி வீட்டுச் சாவி. மகள் மதுமதிக்கென்று ஆசையாகக் கட்டிய மாடி அது. மகள் வெளிநாடு போய்விட்டாள். மகன் செந்தில்வேல் பெங்களூரில் இருக்கிறான். மூட்டுவலியால் மயில்சாமியால் படியேற முடியாது. பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். “நம்ம ஊடு மாதிரி பாத்துக்கோங்க” என்று சொல்லிச் சாவியை விஜயராணி கையில் கொடுத்திருந்தார். ஷெட்டில் அந்தச் சாவிக்கென்று ஓர் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தாள். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரில் ஒருவர் வீட்டுச் சாவி தன் ஆணியில் தொங்குவதில் அவளுக்கு இருந்த பெருமையை ஆரோக்கியராஜ்கூட முழுசாக அறியமாட்டார்.

அந்த மாடியைச் சும்மா பூட்டி வைப்பானேன், இணையத்தில் போட்டு நாள் வாடகைக்கு விடலாமே என்று செந்தில்வேல் ஒரு முறை கேட்டானாம். மயில்சாமி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அடுத்த தெருவில் அப்படி விட்ட ஒரு வீட்டின் கதை ஊருக்கே தெரியும். வாரக் கடைசியானால் யார் யாரோ காரில் வருவார்கள். அடுத்தவர் கேட்டை மறித்து நிறுத்துவார்கள். சாக்கடையில் பாட்டில் கிடக்கும். கேட்டால் நாங்கள் காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்பார்கள். வீட்டுக்காரரோ எங்கோ சென்னையில் இருந்துகொண்டு போனை எடுக்க மாட்டார். அதையெல்லாம் பார்த்திருந்த மயில்சாமி, அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். மகனும் சரிப்பா என்று ஒத்துக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான் விஜயராணியின் ஷெட்டுக்கு வினோதமான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது ஒரு பெங்களூர் ஜோடி. சக்கரம் வைத்த பெட்டி, கூலிங் கிளாஸ், நுனிநாக்கு இங்கிலீஷ். போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்து “செக்கின்?” என்றார்கள். விஜயராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் சரக்கைச் சோதிக்க அனுப்பிய ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொல்லி, நல்ல பண்டலாகப் பார்த்துப் பிரித்து ஒரு பனியனை எடுத்து மரியாதையாக நீட்டினாள். அந்த ஆள் பனியனை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டி, தேங்க்யூ சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாம்பிள் எடுத்துக்கொள்கிறார் என்று அவளும் சும்மா இருந்தாள். பிறகு ரூம் எங்கே என்று கேட்டார். பாத்ரூமைத்தான் கேட்கிறார் என்று பின்பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் சிவந்து கத்தினார். அவர் கத்தியதில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

அன்று முழுக்க ஷெட்டில் அதே பேச்சு. பாத்ரூம் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள் என்று விஜயராணி பயந்து, மறுநாளே பினாயில் வாங்கி வந்தாள். அவளிடம் வேலை பார்க்கும் சின்னத்தாய் எதையும் பெரிதாகவே யோசிப்பவள். இது ஜிஎஸ்டி ரெய்டு, மாறுவேஷத்தில் வந்திருக்கிறார்கள் என்றாள். மாறுவேஷத்தில் வருகிறவன் பனியனை ஏன் தூக்கிக்கொண்டு போகிறான் என்று கேட்டதற்கு, அதுதான் சாட்சிப் பொருள் என்றாள்.

பிறகு சேலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து, பூட்டிய மாடிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பாலக்காட்டிலிருந்து ஒரு தம்பதி வந்து, செல்போனில் எதையோ காட்டிக் காட்டிப் பேசினார்கள். மலையாளம் புரியவில்லை. மற்றவர்களாக இருந்தால் தொல்லை என்று விரட்டியிருப்பார்கள். விஜயராணிக்கோ ஆவல்தான் அதிகமானது. யார் இவர்கள்? நல்லூரில் என்ன இருக்கிறது என்று பெட்டி படுக்கையோடு வருகிறார்கள்? வந்தவர்களின் ஊரெல்லாம் தெரிந்தது. யார் வீட்டுக்கு என்ற இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவே இல்லை. அது அவளை அரித்தது.

பதில் தஞ்சாவூர்க்காரர் ரூபத்தில் வந்தது. அவருடைய உண்மையான பெயர் என்னவோ, விஜயராணிக்கு அவர் தஞ்சாவூர்க்காரர். திருமுருகன்பூண்டியில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா, மனைவி, சின்னப் பெண் குழந்தை சகிதம் ஒரு மத்தியானம் காரில் வந்து இறங்கினார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். செக்-இன் பண்ண வேண்டும், மாடியைத் திறந்து விடுங்கள் என்றார். மாடி வாடகைக்கு இல்லை என்று விஜயராணி சொன்னதும் அவருடைய குரல் மாறிற்று. முழுப் பணத்தையும் கட்டியாயிற்றே என்றார். யாரிடம் கட்டினீர்கள் என்று கேட்டால், உங்களிடம்தான் என்றார்.

தெரு கூடிவிட்டது. நல்லூரில் தெரு கூடுவதற்கு அதிக நேரம் ஆகாது. தஞ்சாவூர்க்காரர் செல்போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அழகான மாடி வீடு, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பூச்செடி வைத்த பால்கனி. கீழே இந்தத் தெருவின் விலாசம். நாள் வாடகை ரொம்பக் குறைச்சல். பணம் கட்டுவதற்கு முன் தனக்கும் சந்தேகம் வந்ததாகவும், மேப்பில் அந்த இடத்தைத் தேடியபோது இந்தப் போர்டின் படமும் அதிலிருந்த நம்பரும் கிடைத்ததாகவும், அதில் கூப்பிட்டுப் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே பணம் போட்டதாகவும் சொன்னார். மேப்பில் ஏற்றியது கம்பெனி வேன் டிரைவர். வழி தெரியாமல் ஒரு நாள் அலைந்த எரிச்சலில் அவர் செய்த உபகாரம் அது.

“நான் பொய் சொல்லலை. கேளுங்க” என்று சொல்லி, அந்த அழைப்பின் பதிவைப் போட்டார்.

விஜயராணியின் குரல்தான். சந்தேகமே இல்லை. செக்கின் அங்கேதானா என்று அவர் கேட்கிறார். ஆமா, செக்கிங் இங்கேதான் என்கிறாள் அவள். நாலு பேர் வரலாமா என்கிறார். தாராளமாக வாங்க, இன்னும் ரெண்டு பேர் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாங்க, ஆளே கிடைக்காமல் இருக்கிறேன் என்கிறாள். கைக்குழந்தை இல்லை, சின்னப் பெண் ஒன்று இருக்கிறது என்கிறார். அது பாட்டுக்கு ஓரமாக விளையாடட்டும் என்கிறாள். பதிவை அவர் அதோடு நிறுத்திவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல எல்லோரையும் பார்த்தார்.

 அந்தப் போன் விஜயராணிக்கு நினைவிருந்தது. வேலை கேட்டு இப்படி எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். நாலு பேர் ஒரே குடும்பமாக வருகிறார்கள் என்று அவள் சந்தோஷப்பட்டு, புது ஸ்டூல்கூட வாங்கிப் போட்டிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மயில்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செல்போனை வாங்கிப் பார்த்தார்.

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மதுமதி ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட திரைச்சீலை. மதுமதியின் கட்டில். சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். அவர் கத்தவில்லை. ஷெட்டுக்குள் போய் ஆணியில் இருந்த சாவியை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க அம்மிணி. இந்த மாசத்தோட ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. போர்டை இன்னைக்கே எடுத்துக்கோங்க.”

அவர் திட்டியிருந்தால் விஜயராணி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்கு அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இவ்வளவு பணிவாகக் கழுத்தில் கத்தி வைக்கிறவரிடம் என்ன பேசுவது? ஷெட் போனால் கம்பெனி வேலை தராது. ஏமாற்றுக்காரி என்று பெயர் வந்துவிட்டால் நல்லூரில் வேறு ஷெட்டும் கிடைக்காது. கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்கத் தெரிந்த முகங்கள். அத்தனை பேரின் ஊரும் அவளுக்குத் தெரியும். ஒருவர்கூட அவளுக்காக வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது தஞ்சாவூர்க்காரரின் அம்மா. வெயிலில் நிற்க முடியாமல் ஷெட்டுக்குள் போய், விஜயராணி வாங்கிப் போட்டிருந்த புது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பணம் போனதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரைக் குடைந்தது வேறொன்று.

“ஒரு சந்தேகம்மா. மனசுல வச்சுக்கிட்டே வந்தேன், கேட்டுடறேன். வர்றப்ப டிரிம்மர் கொண்டாரச் சொன்னீங்களாமே, ஆளுக்கு ஒண்ணுன்னு. எம் மவன் தாடி வைக்கிறவன், அவனுக்குச் சரி. எனக்கு எதுக்கும்மா டிரிம்மர்?”

 முதலில் சின்னத்தாய் சிரித்தாள். அடக்க முடியாமல் கையிலிருந்த பனியனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற டெய்லர் சிரித்தார். அயர்ன் மாஸ்டர் சிரித்தார். பாதித் தெரு சிரித்தது. என்ன விஷயம் என்று புரியாமல் தஞ்சாவூர்க்காரர் மட்டும் கோபமாக நின்றார். சின்னத்தாய் தன் விரலில் மாட்டியிருந்த சின்னக் கத்தரியைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் வைத்தாள். இதுதான் எங்கள் ஊர் டிரிம்மர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிவை முழுசாகப் போடச் சொன்னாள்.

தஞ்சாவூர்க்காரர் போட்டார். என்ன கொண்டு வர வேண்டும் என்று அவர் கேட்கிறார். டிரிம்மர் மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வந்துவிடுங்கள், இங்கே இருப்பது மொக்கையாகிவிட்டது என்கிறாள் விஜயராணி. வந்ததும் நேராக உட்கார்ந்துவிடலாம், சாயங்காலம் டீயும் வடையும் உண்டு, கை பழகும்வரை நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்கிறாள். அவர் ரொம்ப சந்தோஷம் என்கிறார். இப்படி ஒரு உபசாரம் எந்த லாட்ஜில் கிடைக்கும்? அவருக்கே கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லித் தருகிறேன் என்றதை ஊர் சுற்றிக் காட்டுவதாக நினைத்தேன் என்று ஒத்துக்கொண்டார்.

செக்-இன் என்றால் தங்க வருகிறவர்கள் பெயரைப் பதிந்து சாவி வாங்குவது என்று அவர்தான் எல்லோருக்கும் விளக்கினார். விளக்கிக்கொண்டே போர்டை அண்ணாந்து பார்த்தார். “இதுல ஜி எங்க போச்சு?” என்றார். அப்போது பார்த்து மாடித் தொட்டி நிரம்பி, குழாயிலிருந்து தண்ணீர் போர்டின் ஓரத்தில் சொட்டியது. தெரு மொத்தமும் அதைப் பார்த்தது. மயில்சாமியும் பார்த்தார்.

அவர் அங்கேயே மகனைப் போனில் கூப்பிட்டார். செந்தில்வேல் கொஞ்சம் இழுத்துவிட்டு உண்மையைச் சொன்னான். அப்பா மறுப்பதற்கு முன்பே படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறான். மறுத்ததும் எடுத்துவிட்டான். அந்த இடைவெளியில் எவனோ படங்களைச் சுட்டு, அதே விலாசத்தோடு தன் நம்பரைப் போட்டு வியாபாரத்தைத் தொடங்கியிருக்கிறான். அந்த நம்பர் அணைந்து கிடந்தது. தஞ்சாவூர்க்காரர் போலீஸில் புகார் கொடுத்தார். அந்த ஆள் யார் என்பது இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. தெரிந்தால் அவன் எந்த ஊர் என்று கேட்க விஜயராணி காத்திருக்கிறாள்.

கல்யாணத்துக்கு வந்தவர்களை மயில்சாமி மாடியிலேயே தங்க வைத்தார். காசு வாங்கவில்லை. மறுநாள் கிளம்பும்போது அந்த அம்மா சின்னத்தாயின் டிரிம்மரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், ஊரில் காட்டுவதற்கு.

அதற்கடுத்த நாள் காலையில் பிளம்பர் வந்து குழாயைத் திருப்பி வைத்தார். பின்னாலேயே பெயிண்டர் வந்து ஜி எழுதினார். மற்ற எழுத்துகளெல்லாம் வெளுத்துப்போய், ஜி மட்டும் பளிச்சென்று தனியாக நின்றது. எத்தனை வருஷமாகக் கேட்டும் நடக்காதது, ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. இதுதான் இந்த ஊரில் மன்னிப்பு என்று விஜயராணிக்கு விளங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மத்தியானம் மயில்சாமி ஷெட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மாடிச் சாவி.

“செடியெல்லாம் வாடுதுங்க அம்மிணி” என்றார்.

விஜயராணி சாவியை வாங்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. அவள் சுபாவம் அது.

“அண்ணாச்சி, முந்தாநாள் என்னைக் காலி பண்ணச் சொன்னீகளே. அப்ப, நான்தான் பண்ணியிருப்பேன்னு நெசமாவே நம்புனீகளா?”

 மயில்சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவளும் அதை நம்பத் தயாராக இருந்தாள். தெருவுக்கு முன்னால் வேறு வழியில்லை என்றோ, ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டேன் என்றோ சொல்லியிருக்கலாம். முருகனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் பொய் சொல்லவில்லை.

“நம்பிட்டேனுங்க” என்றார்.

அது அவளுக்கு வலித்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் மனசில் இருப்பதை அப்படியே சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்பதால் இரண்டு மடங்காக வலித்தது. ஷெட்டைக் காலி பண்ணிவிட்டுப் போகலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை, அந்த ஒரு வார்த்தைக்காக விட்டுவிட்டாள். பொய் சொல்லாத ஆளின் ஷெட்டில் இருக்கலாம். கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டு, எழுந்து நின்று, நிதானமாகப் பேசினாள்.

“நான் ஷெட்டுலயே இருந்துக்கறேனுங்க. போர்டும் இருக்கட்டுங்க. சாவி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க. செடிக்கு நீங்களே தண்ணி ஊத்திக்கோங்க.”

அவள் அத்தனை ‘ங்க’ போட்டுப் பேசியதை அதுவரை யாரும் கேட்டதில்லை. மயில்சாமிக்கு அது முழுசாகப் புரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினார்.